அக்கரையிலிருந்து ஐந்து மணிச் செய்தி

பெரிநைனா,

உங்கள் மைக்கில் இன்னும் கிராம்பு வாசனை அடிக்கிறது.

அதன் தலையில் நீங்கள் சுற்றிவைத்த கைக்குட்டையைத் துவைக்கலாமென்று இன்று மத்தியானம் அவிழ்த்தேன். குப்பென்று வந்தது. பல்வலிக்காக வலது கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பை ஒதுக்கிவைத்திருப்பீர்களே, அதே வாசனை. பதினோரு வருடமாக இந்த மைக்குக்குச் செய்தியோடு கிராம்பும் ஊட்டியிருக்கிறீர்கள். இந்தத் தாலுகாவிலேயே சொத்தைப் பல் வராத ஒரே மைக் இதுதான். துவைக்காமல் அப்படியே திருப்பிக் கட்டிவிட்டேன். அம்மா கேட்டால் துவைத்தாயிற்று என்பேன். செய்தியில்தானே பொய் சொல்லக் கூடாது என்றீர்கள்; துணி விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லையே.

நேரில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் மரியாதை தானாக வந்து மடியில் ஏறிக்கொள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் "இன்னிக்குத்தான் மொதல்ல கேக்கறவனுக்கும் புரியணும்" என்பது நீங்கள் போட்ட சட்டம். ஆகவே சுருக்கமாக: நீங்கள் எங்கள் நைனாவின் அண்ணன். பொன்னேரியில் அச்சாகும் ஒரு சின்னப் பத்திரிகைக்கு நிருபர். எங்கள் குப்பத்தின் வார்டு உறுப்பினர். கோயிலுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் தினம் செய்தி எழுதுகிறவர். ஊர் கூடித் தள்ளிவைத்ததும், ஏரிக்கு வடக்கே அக்கரையில் குடிசை போட்டு, மூங்கிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தள்ளிவைத்த ஊருக்கே செய்தி வாசித்தவர். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்களுக்கு இக்கரைக்கு அக்கரை பேச்சு.

ஏன் தள்ளிவைத்தார்கள் என்பதற்கு ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வலை கட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. இறால் ஓடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு எந்தக் குடும்பத்துக்கு என்பதை வருடத்துக்கு ஒரு தடவை, வைகாசியில், அம்மன் கோயிலில் எடுப்பார்கள். குடும்பத்துக்கு ஒரு சிப்பி. உள்பக்கம் அந்த வீட்டு அடையாளம் கீறியிருக்கும். அத்தனையையும் பானையில் போட்டு, ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டிக் கையை உள்ளே விடச் சொல்வார்கள். முதலில் வரும் சிப்பிக்கு முதல் பாடு. கண்ணைக் கட்டியபிறகு அது குழந்தை இல்லை, அம்மன். கையும் அம்மன் கை. "எடுத்தது நீ இல்ல, ஆத்தா எடுத்தா" என்று மூன்று தடவை சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

எனக்கு ஆறு வயதான வருடம் அம்மன் நான்தான். முன்பல் இரண்டும் விழுந்த அம்மன்.

அந்த வருடம் முதலில் வந்த நாலு சிப்பியும் ஊர்த் தலைவரின் பங்காளி வீடுகளுடையவை. ஆத்தாவின் விருப்பம் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் காலை கரும்பலகையில் நீங்கள் எழுதினீர்கள்: 'தலைவர் வீட்டுச் சிப்பிகள் பானைக்குள் போகுமுன் ஐஸ்பெட்டிக்குள் இருந்தன. வைகாசி வெயிலில் பிள்ளைக் கை குளிர்ந்ததைத்தான் தேடும். நம்பத் தகுந்த வட்டாரம் தெரிவிக்கிறது.' அடுத்த வாரம் பத்திரிகையிலும் வந்தது. அதுதான் பெரிய குற்றம். எளாவூர் செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும் எங்கள் ஐஸ் உருகி ஓடிவிட்டது.

ஊர் கூடியது. தலைவர் கேட்டாராம், "தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. இல்லாங்காட்டி எவன் சொன்னான்னு பேரச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு." நீங்கள், "தப்பும் இல்ல, பேரும் இல்ல" என்றீர்களாம். அதோடு முடிந்தது. உங்களோடு பேசுகிற குடும்பத்துக்குப் பாடு கிடையாது. பேரைச் சொல்லுகிற அன்று நீங்கள் திரும்பி வரலாம். அதுவரை உயிரோடு மட்டுமில்லை, செத்தாலும் இந்த மணலில் இடமில்லை.

ஊரே அந்த வட்டாரத்தைத் தேடியது. ஐஸ் வண்டிக்காரரைச் சந்தேகப்பட்டார்கள். பூசாரியைச் சந்தேகப்பட்டார்கள். தலைவருக்குத் தன் மச்சான்மேல் சந்தேகம், ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தது அவர் என்பதால். எதிரெதிர் வீடு, பதினோரு வருடம் பேச்சில்லை. வருடா வருடம் சிப்பி எடுக்கும் நாளில் அக்கரைக்கு ஓர் ஆள் போவார், "பேரச் சொல்றியா?" என்று கேட்க. அவரிடம் மட்டும் நீங்கள் பேசலாம். ஒரே பதில்: "நம்பத் தகுந்த வட்டாரம்."

நானும் என் பங்குக்குத் தேடினேன். பள்ளிக்கூட நோட்டில் சந்தேக நபர்கள் பட்டியல்கூட வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் பெயரையும் அதில் சேர்த்திருந்தேன். அதற்குக் காரணம் வேறு.

*

கட்டுப்பாடு உங்களோடு பேசக் கூடாது என்றுதான் முதலில் இருந்தது. கேட்கவும் கூடாது என்பதை நீங்கள் குழாய் கட்டியபிறகுதான் சேர்த்தார்கள். ஆனால் காதுக்கு எங்கே தாழ்ப்பாள் போடுவது? மணி ஐந்தை நெருங்கினால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வலை கிழியும். ஊசி நூலோடு வடக்குக் கரையில் வந்து உட்காருவார்கள். நல்ல வலை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கிழித்துக்கொண்டு வருவார்கள். தலைவரும் வருவார். "தண்ணி எப்டி கீதுனு பாக்க வந்தேன்" என்பார். தினமும் அதே தண்ணீர்தான்.

"வணக்கம். இது அக்கரை. மணி ஐந்து." வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் நீங்கள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். பழவேற்காட்டில் இறால் என்ன விலை, காட்டூர்ப் பக்கம் அறுவடை என்பதால் லாரிக்கு ஒதுங்கிச் சைக்கிள் ஓட்டவும், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பஸ் நாளைக்கு வராது, முகத்துவாரத்தில் மண் ஏறுவது பற்றி மறுபடியும் மனு அனுப்பியாயிற்று, அனுப்பியவர் அக்கரையில் இருக்கும் உங்கள் வார்டு உறுப்பினர். உங்கள் பதவிக்காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "நடுவுல எலெக்‌ஷன் நடந்துச்சே?" என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு (எப்படிக் கேட்டேன் என்பது பிறகு), "நடந்துச்சு. நான் ஒத்துக்கல" என்றீர்கள்.

கடைசியில் எப்போதும் திருத்தம். 'நேற்று பிறந்ததாகச் சொன்ன காளைக் கன்று, பசுங்கன்று. தவறுக்கு வருந்துகிறோம்.' அந்த 'றோம்' என்பதில் நீங்களும் உங்கள் நாயும் அடக்கம்.

வெயில் காலம் வந்தால்தான் பேஜார். தெற்குக் காற்று உங்கள் குரலைத் திருப்பி உங்கள் வாயிலேயே திணித்துவிடும். அந்த மாதங்களில் ஊரே மலச்சிக்கல் வந்தது போல் உலாத்தும்.

ஒரு தை மாதம் வாசித்தீர்களே, நினைவிருக்கிறதா? 'ஊர்த் தலைவர் வாங்கியுள்ள படகு மோட்டார் புதியதல்ல. பெயின்ட் மட்டும் புதியது.' கரையில் இருந்த அத்தனை ஊசியும் நின்றது. தலைவர் எழுந்தார். வாயைத் திறந்தார். மறுத்தால், கேட்டதாக ஆகிவிடும். வாயை மூடினார். "தண்ணி நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்குக் கோயில் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. உங்கள் குரலை அமுக்கத்தான். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அக்கரையோரம் படகில் வந்து உங்கள் செய்தியைப் போனில் பதிந்து, கோயில் பென்டிரைவில் பாட்டை அழித்துவிட்டு அதை ஏற்றிவைத்தேன். அடுத்த சாயங்காலம் பூசாரி பொத்தானை அமுக்கினார். "வணக்கம். இது அக்கரை" என்று கோபுரத்திலிருந்தே நீங்கள் பேசினீர்கள். அதே நேரம் வடக்கிலிருந்து நிஜ நீங்களும் ஆரம்பித்தீர்கள். நேற்றைய இறால் விலையும் இன்றைய இறால் விலையும் நடு ஏரியில் முட்டிக்கொண்டன. பூசாரி அரண்டுபோய்த் தேங்காய் உடைத்துவிட்டார். தலைவர் ஓடிவந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அத்தை கேட்டாள், "இன்னா தலிவரே, ஒண்ணு பாட்டு போடு, இல்ல நூஸு போடு. ரெண்டு வெல சொன்னா எத்த நம்பறது?"

"அப்ப நீங்கள்லாம் கேக்கறீங்களா?"

எல்லோரும் குனிந்து வலையைப் பார்த்தார்கள். அந்த அத்தை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க எங்க கேக்கறோம்? அதுவா வந்து காதுல வுழுது."

பாட்டு அன்றோடு நின்றது. மறுநாள் நீங்கள் வாசித்த திருத்தம் எனக்கு மனப்பாடம்: 'இக்கரைக் கோயிலில் ஒலித்தது பழைய செய்தி. ஒலிபரப்பிய வாலு யாரென்று தெரியும். சொல்ல மாட்டோம்.'

*

உங்களோடு பேசினால்தானே குற்றம், நாயோடு பேசினால்? அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது நான் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. நாய்க்கு நிருபர் என்று நீங்கள் பெயர் வைத்தது இன்னும் வசதியாகப் போயிற்று. நண்டு பிடிக்கப் போகிறேன் என்று சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வருவேன்.

"யோவ் நிருபரே, உங்க மொதலாளி சாப்ட்டாரா?"

நீங்கள் நாயின் காதைச் சொறிவீர்கள். "நிருபர், வந்திருக்கிற வாலுகிட்ட சொல்லு. கருவாட்டுக் கொழம்பு. அதுக்கும் ஒரு தட்டு கீது. கணக்குல எவ்ளோ மார்க்குனு கேளு."

"நிருபரே, அது இன்னும் உறுதி செய்யப்படாத தகவல்னு சொல்லு."

பாவம், அது டென்னிஸ் பார்க்கிறவரைப்போல இங்கும் அங்கும் தலையைத் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

குடிசையின் நடுக்கம்பத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒரு பேப்பர்த் துண்டை ஒட்டியிருந்தீர்கள். கோட்டுப் போட்ட ஒருவர், முன்னால் ஒரு மைக். யார் என்று நாயிடம் கேட்டேன்.

"நிருபர், அவளுக்குச் சொல்லு. இவரு செக்கு நாட்டுக்காரரு. பத்திரிகைக்காரரு, கட்சிக்காரரும் கூட."

"செக்கு நாடா? நல்லெண்ண சல்லிசா கெடைக்குமானு கேளு."

"வாய மூடிக்கினு கேக்கச் சொல்லு. ஆட்சி மாறிச்சு, ஊர்ல இருக்க முடியல. வேற நாட்டுக்குப் போயி ரேடியோல குந்திக்கினு தன் ஊருக்கே நூஸு படிச்சாரு. அங்க அத கேக்கக் கூடாதுனு கட்டுப்பாடு. கதவ சாத்திக்கினு கேட்டாங்களாம்."

"எங்க ஊர்ல வலைய கிழிச்சிக்கினு கேக்கறாங்க." அதைச் சொல்லிவிட்டு நான் கேட்டேன், "நிருபரே, கடசில அவரு ஊருக்குத் திரும்பினாரா?"

நீங்கள் நாயின் காதிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி எறிந்தீர்கள். "அங்கதான் பேப்பரு கிழிஞ்சிருக்குனு சொல்லு" என்றீர்கள்.

மேல்பக்கமும் கிழிந்துதான் இருந்தது; பெயர் அதோடு போய்விட்டது. போனில் தேடலாமென்றால் என்னவென்று தேடுவது? கோட்டுப் போட்டவர் என்றா?

நைனா நாய்வரைக்கும்கூட வர முடியாது. வலை கட்டும் பாட்டை நம்பி வீட்டில் ஐந்து வயிறு. அதனால் நடு ஏரியில் உங்கள் படகு கண்ணில் பட்டால், பிடித்த நண்டு ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கத்துவார்: "யோவ் நண்டு, நெஞ்சு வலி எப்டி கீது? மாத்திர போட்டியா?" நீங்கள் உங்கள் வலையைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள்: "போட்டா தூக்கமா வருதுப்பா. நூஸு நடுவுல கொட்டாவி வந்துருது." அந்த நண்டை நைனா கூடைக்குள் போட மாட்டார். திருப்பித் தண்ணீரில் விட்டுவிடுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு எப்படி விற்பது என்பார்.

*

போன மார்கழியில் ஒரு காலை, கரையில் ஐஸ்பெட்டியிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அடியில் ஏதோ தட்டையாகக் கையில் பட்டது. நண்டோடு தவறி வந்த ஒரு சிப்பி.

கை அப்படியே நின்றுவிட்டது, பெரிநைனா. கண்ணைக் கட்டிய துண்டின் மஞ்சள் வாடை வந்தது. வெயிலில் காய்ந்த பானையின் சூடான கழுத்து, உள்ளே ஜில்லென்று ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. அன்று அதைத் துழாவித் துழாவி எடுத்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் கரும்பலகைக்கு ஓடிவந்து உங்கள் முதுகில் தொற்றிக்கொண்டு சொன்னதும்: "பெரிநைனா, பானைக்குள்ள நாலு சிப்பி ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் அதத்தான் எட்த்தேன்." நீங்கள் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

பதினோரு வருடம் ஊரே தேடியது. பானைக்குள் கை விட்டவளை ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? கை அம்மனுடையது. அம்மனைக் கூப்பிட்டு, 'நீயா போட்டுக் கொடுத்தே?' என்று எவன் விசாரிப்பான்? 'எடுத்தது நீ இல்ல' என்று மூன்று தடவை சொன்னதை நானே நம்பிவிட்டேன். என் பட்டியலில் எல்லோர் பெயரும் இருந்தது, என் பெயரைத் தவிர.

நண்டை அப்படியே போட்டுவிட்டுப் படகைத் தள்ளினேன். வந்து நின்றதும் உங்கள் முகத்தைப் பார்த்தே கூப்பிட்டேன். "பெரிநைனா."

நாய் தன் வேலை போய்விட்டதோ என்று என்னைப் பார்த்தது.

"நிருபர்கிட்ட சொல்லு" என்றீர்கள்.

"அதுக்கு இன்னிக்கு லீவு. அந்த வட்டாரம் நான்தான?"

கிராம்பை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினீர்கள். "எந்த வட்டாரம்?"

"சில்லுனு இருந்துச்சுனு நான்தான சொன்னேன்? அதுக்குத்தான நீ இங்க கெடக்கற?"

"தகவல் குட்த்தவங்க பேர நான் வெளிய சொல்றதில்ல."

"வெளிய சொல்லவேணாம். எங்கிட்ட சொல்லு. நான்தான அது!"

"நீயேன்னாலும் உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் நீங்கள் தட்டில் சோறு போட்டீர்கள்.

"நான் ஊர்ல சொல்லிர்றேன். நீ வூட்டுக்கு வந்துரு."

"சொன்னா பாட்ட புடுங்கிப்பாங்க. உங்க நைனா வலைய எங்க கட்டுவான், வானத்துலயா? அதுமில்லாம, வார்டு மெம்பரு ஒருத்தன் ஆறு வயசுப் பொண்ண முன்னால நிறுத்திட்டு ஊருக்குள்ள வந்தான்னு நூஸு வரும். அந்த நூஸ யாரு படிக்கறது? நான்தான படிக்கணும்? துன்னு, துன்னு, கொழம்பு ஆறுது."

தின்றேன். சொல்ல மாட்டேன் என்று தலையையும் ஆட்டினேன். நான் செய்ததிலேயே மட்டமான காரியம் அந்தத் தலையாட்டல்தான். மார்கழி போயிற்று, தை போயிற்று. தினமும் ஐந்து மணிக்குக் கரையில் உட்கார்ந்து உங்கள் குரலைக் கேட்டேன். எல்லோரும் ஊசியால் வலையைக் குத்தினார்கள். நான் என் விரலைக் குத்திக்கொண்டேன்.

*

மாசியில் ஒரு நாள் மணி ஐந்தாயிற்று. செய்தி வரவில்லை.

காற்று வடக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஐந்தே கால். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தலைவர் தண்ணீரைப் பார்த்தபடியே, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்: "இன்னா, அக்கரைல கரன்ட்டு இல்லியா?" அவர் கேட்கிறார் என்பதை அவரே ஒப்புக்கொண்டது அன்றுதான். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு குழாயில் கரகரவென்று ஒரு சத்தம். மைக் போட்டுத்தான் இருந்திருக்கிறது. நாய் அழுதது. ஏரி முழுக்கக் கேட்டது. நிருபர் தன் வாழ்நாளில் வாசித்த ஒரே செய்தி அதுதான், பெரிநைனா. தவறு எதுவும் இல்லாத செய்தி.

நைனா யாரையும் கேட்காமல் படகைத் தள்ளினார்.

மறுநாள் காலை கோயிலில் ஊர் கூடியது. நைனா கைகட்டி நின்றார். "அண்ணன இங்க கொண்டாரணும்" என்று மட்டும் சொன்னார். தலைவர் துண்டை மடித்தார், பிரித்தார். "எனக்கு மட்டும் மனசு இல்லியா? பேரு சொல்லாமயே பூட்டான். ஊர் வார்த்தைனு ஒண்ணு கீதே. இன்னிக்கு நான் மாத்தினா நாளைக்கு எவன் கேப்பான்?"

நான் அக்கரையிலிருந்து எடுத்து வந்த உங்கள் மைக்கைக் கோயில் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். குரல் உங்கள் செய்திக் குரலாக வந்தது, எங்கிருந்து வந்ததோ.

"வணக்கம். இது இக்கரை. மணி பத்து. திருத்தம். பதினோரு வருடத்துக்கு முன் வெளியான சிப்பிச் செய்தியில், நம்பத் தகுந்த வட்டாரம் என்று சொல்லப்பட்டவர், கண்ணைக் கட்டிக்கொண்டு பானைக்குள் கை விட்ட ஆறு வயதுச் சிறுமி. அதாவது நான். நாலு சிப்பியும் சில்லென்று இருந்தன. பேரைச் சொல்லியாயிற்று. ஊர் கொடுத்த வார்த்தைப்படி அவரைக் கூட்டிவரவும். தாமதத்துக்கு வருந்துகிறேன்."

'றோம்' என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தாமதம் முழுக்க என்னுடையது.

முதலில் வாயைத் திறந்தது தலைவரின் மச்சான். "கேட்டியா மாமா? பதினோரு வருஷம் எம் மூஞ்சில முழிக்கல நீ! பெட்டிய தூக்கினவன்தான் நானு. வாயத் தொறந்தவன் நானில்ல!"

"இன்னா பெட்டி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். மச்சான் அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று யோசித்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சின்னப் புள்ள பேச்சு. அன்னிக்குக் கை ஆத்தா கை. இவளுக்கு இன்னா தெரியும்?"

அப்போது தலைவரின் சம்சாரம் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "கை ஆத்தாவுதுனா, சில்லுனு இருந்தது யாருக்கு? ஆத்தாவுக்குத்தான? அப்ப சொன்ன வாய் யாரு வாயி? ஆத்தா சொன்னத எழுதினவனயா தள்ளிவச்ச நீ? இப்ப இன்னா, ஆத்தாவோட பாட்டயும் புடுங்கப் போறியா?"

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். பயத்தில் நானும் போட்டுக்கொண்டேன். எனக்கே போட்டுக்கொண்டேனா என்று தெரியவில்லை.

தலைவர் ஏரிப் பக்கம் திரும்பினார். பிறகு மச்சானைக் கேட்டார், பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை: "தண்ணி எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது, மாமா."

"அப்ப எம் படக எடு."

தலைவரின் படகில்தான் வந்தீர்கள். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. நானும் நைனாவும் உங்கள் தலைப் பக்கம், நிருபர் கால் பக்கம். பாதி ஏரியில் தலைவர் குனிந்து உங்கள் காதுக்குப் பக்கத்தில் சொன்னார். ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்.

"மோட்டாரு புச்சுதாம்பா. நீயே பாரு."

நைனா எதையும் கையில் தூக்கிப் பிடிக்காமல், உங்கள் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டு வந்தார். என்ன பேசினார் என்பது செய்தி அல்ல. எழுத மாட்டேன்.

அன்று ஐந்து மணிக்கு வாசித்தேன்: 'ஊர்த் தலைவரின் படகு மோட்டார் புதியது. முந்தைய செய்திக்கு வருந்துகிறோம்.' தலைவர் கரையில், வலை ஏதும் இல்லாமல், சும்மா உட்கார்ந்து கேட்டார்.

*

இப்போது வைகாசி. போன வாரம் சிப்பி எடுத்தார்கள். எவனும் ஐஸ் வைத்துவிடக் கூடாதென்று எல்லாச் சிப்பியையும் ஊர் பார்க்கக் கோயில் வாசலில் காலையிலிருந்து வெயிலில் காயவைத்தார்கள். இந்த வருடத்து அம்மன் ஒரு குட்டிப் பயல். கையை உள்ளே விட்டவன், "அய்யோ சுடுது!" என்று கத்திக்கொண்டு துண்டோடு தெருவில் ஓடிவிட்டான். அம்மனைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவர அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த வருடம் நிழலில் உலர்த்துவதென்று தீர்மானம். எடுத்து முடித்ததும் அவனிடம் தலைவரே கேட்டார், "உள்ள எப்டி இருந்துச்சு கண்ணு?" அப்படிக் கேட்பதும் இனிமேல் சடங்கில் சேர்த்தி. நைனாவுக்குக் கடைசிக்கு முந்தின பாடு. நண்டைத் தவிர ஒன்றும் வராது. விசாரிக்க அண்ணன் இல்லாததால் இப்போதெல்லாம் விற்றுவிடுகிறார்.

செய்தியை நான்தான் வாசிக்கிறேன், இக்கரையிலிருந்து. தெற்குக் காற்று என்பதால் குரல் அக்கரைக்குப் போகிறது. அங்கேயும் இப்போது சிலருக்கு ஐந்து மணிக்கு வலை கிழிகிறதாம். நிருபர் என் காலடியில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு 'வணக்கம்' சொல்லும்போதும் மைக்கைப் பார்க்கும், அப்புறம் என்னைப் பார்க்கும். எனக்குப் பல்வலி கிடையாது. ஆனாலும் வாசிப்பதற்கு முன்னால் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்கிறேன். மைக் ஏமாறக் கூடாது பாருங்கள்.

உங்கள் கம்பத்திலிருந்த பேப்பர்த் துண்டைத் தண்ணீர் தொட்டு உரித்து எடுத்து வந்து, என் நோட்டில், அந்தச் சந்தேகப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கோட்டுப் போட்டவர் அங்கேயும் மைக் முன்னால்தான் இருக்கிறார். கிழிந்த இடத்துக்குக் கீழே ஒரு வரி நானே எழுதிவிட்டேன்: 'கடைசியில் அவர் ஊருக்குத் திரும்பினார்.'

ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். நம்பத் தகுந்த வட்டாரம், பெரிநைனா. பேரைச் சொல்ல மாட்டேன்.